பம்பிள்பீ ராணிகளை இணைசேர்க்க ஒரு வழிகாட்டி: அனுமதிச் சீட்டு முதல் தலையீற்று வரை

வலைக்கூண்டுக்குள் பம்பிள்பீயின் (உடல் பருத்த, ரோமம் அடர்ந்த தேனீ வகை) 20 ராணிகளையும் 40 ஆண்களையும் விட்டு, இரண்டு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தும் ஒரு ஜோடிகூடச் சேராமல் போவது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எல்லா ராணியும் ஜோடி சேரும். மாதக்கணக்கில் குளிரில் வைத்துக் காப்பீர்கள். கடைசியில் பிறப்பதில் பாதி ஆணாக இருக்கும். இரண்டு தவறும் பெரும்பாலும் கூண்டில் நடப்பதில்லை. கூண்டைத் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, வயதிலும் உறவிலும் தீனியிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கூண்டுக்கு முந்தைய படிகள்தான் நீளமாக இருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ் இனத்துக்கானவை. அடைப்பில் அதிகம் வளர்க்கப்படுவது அதுதான். வேறு இனம் என்றால் படிகளின் வரிசை மாறாது, எண்கள் மாறும்.

1. காகித வேலையை முதலில் முடியுங்கள்

பெட்டித் தேனீ வளர்த்துப் பழகியவர்கள் சறுக்குகிற முதல் இடம் இது. அதைப் போல இதையும் யாரையும் கேட்காமல் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பல நாடுகளில் முடியாது. ஜப்பான் இந்த இனத்தை 2006-இல் ஊடுருவும் அயலினமாக அறிவித்தது. சிலிக்குள் மகரந்தச் சேர்க்கைக்காகக் கொண்டுவரப்பட்டது மலை தாண்டி அர்ஜென்டினாவுக்கும் பரவியது. அது பரவிய இடங்களில் அந்த மண்ணுக்கே உரிய பாம்பஸ் டால்போமி அருகிப்போனது. டாஸ்மேனியாவில் 1992-இல் முதலில் கண்ணில் பட்ட கூட்டம், மிகச் சில ராணிகளிலிருந்து பெருகியது. கருவுற்ற ஒரு ராணி தப்பினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

கையில் இருக்க வேண்டியவை: இனத்தை உறுதிசெய்யும் சான்று, காட்டு ராணிகளைப் பிடிப்பதென்றால் சேகரிப்பு அனுமதி, எல்லை தாண்டி வருவதென்றால் இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும், அந்த நிலத்துக்கு அயலான இனமென்றால் அடைப்பு வசதிக்கான ஒப்புதல். கூட்டை விலைக்கு வாங்கினால் அதோடு வரும் நிபந்தனைத் தாளை முழுதாகப் படியுங்கள். பயன்பாடு முடிந்ததும் கூட்டை அழித்துவிட வேண்டும், அடுத்த தலைமுறை எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை.

காட்டு ராணிகள் வெளியே வருவது வசந்தத்தில் சில வாரங்கள்தான். அந்த நேரத்தில் விண்ணப்பித்தால் ஒரு வருடம் போயிற்று. முந்தைய குளிர்காலத்திலேயே மனு போய்விட வேண்டும்.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

28 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக வேலைக்காரத் தேனீக்கு ஏறக்குறைய 22 நாள், ஆணுக்கு 26, ராணிக்கு 30. முதல் வேலைக்காரி வெளிவந்து ஒரு மாதம் ஆகும்போது கூட்டில் சண்டை தொடங்கும்: வேலைக்காரிகளும் முட்டையிட முனைவார்கள், ராணியின் முட்டைகளைத் தின்பார்கள். ஆண்களும் புதிய ராணிகளும் திரளாக வரும் காலம் இதை ஒட்டியது.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கூடும் ஒரே கலவையைத் தராது. ராணி ஆண் முட்டைக்குச் சீக்கிரம் மாறிய கூட்டில் பெரும்பாலும் ஆண்கள்தான் கிடைக்கும். தாமதமாக மாறிய கூட்டில்தான் ராணிகள் நிறைய. ஆண்கள் முந்திக்கொள்வார்கள், ராணிகள் பிந்துவார்கள். ஒரே ஒரு கூட்டை நம்பினால், ஆண்கள் கிழடாகும்போதுதான் ராணிகள் கண் திறக்கும். இரண்டு மூன்று வார இடைவெளியில் தொடங்கிய கூடுகள் சில கைவசம் இருக்கட்டும்.

குளிர் உறக்கத்தையும் சேர்த்தால் ஒரு தலைமுறைக்கு ஆறு முதல் எட்டு மாதம். செலவுக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். பணம் போகும் இடங்கள் மூன்று: 28 டிகிரிக்கு ஒன்று, 4 டிகிரிக்கு ஒன்று என இரண்டு வெப்பக் கட்டுப்பாட்டு அறைகள் அல்லது பெட்டிகள், மகரந்தம், தினமும் உட்கார்ந்து பார்க்கும் ஆள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள்.

எத்தனை ராணிகளோடு தொடங்குவது? இணைசேர்தல், குளிரில் பிழைத்தல், முட்டையிடல், கூடு வளர்தல் என்று நான்கு சல்லடை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது தேறும் என்று வைத்துக்கொண்டாலே, கடைசியில் நிற்பது 24. பத்துக் கூடு வேண்டுமென்றால் நாற்பதுக்கு மேல் இளம் ராணிகள் வேண்டும்.

3. ஆணையும் ராணியையும் பிரித்தறியுங்கள்

பெரிய வேலைக்காரியைச் சிறிய ராணி என்று எடுத்து வைப்பதும், ஆணை வேலைக்காரி என்று விட்டுவிடுவதும் சகஜம். நிறத்தை நம்பாதீர்கள். உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. வயிற்றின் மேல்பக்கத் தகடுகள் பெண்ணுக்கு ஆறும் ஆணுக்கு ஏழும் தெரியும். ஆணின் பின்காலில் மகரந்தக் கூடை இருக்காது, வால்முனை மழுங்கலாக இருக்கும், கொடுக்கு கிடையாது. பழகிவிட்டால் ஆணை வெறும் விரலால் எடுத்து ஒரு நொடியில் பிரித்துவிடலாம். பழகும்வரை இடுக்கி.

4. சொந்தத்துக்குள் சம்பந்தம் கூடாது

மொத்த முயற்சியும் தோற்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பம்பிள்பீயில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். ஆணுக்கு அப்பன் கிடையாது, தாய்வழித் தாத்தா மட்டும் உண்டு. ஆனால் பெண்ணைத் தீர்மானிப்பது கருவுறுதல் மட்டுமல்ல. பாலினத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு வகையாக இருந்தால்தான் பெண். இரண்டும் ஒரே வகையாக அமைந்தால், கருவுற்ற முட்டையும் ஆணாகிவிடும்.

ஒரு தாய் ராணியிடம் இருப்பவை ‘அ’, ‘ஆ’ வகைகள், அவளோடு சேர்ந்த ஆணிடம் ‘இ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள்கள் ‘அஇ’ அல்லது ‘ஆஇ’. மகன்கள் ‘அ’ அல்லது ‘ஆ’. ‘அஇ’ மகள் தன் அண்ணன் ‘அ’வோடு சேர்ந்தால், கருவுற்ற முட்டைகளில் பாதி ‘அஅ’ ஆகி ஆணாகப் பிறக்கும். அதாவது உடன்பிறந்தார் இணைகளில் சராசரியாக இரண்டுக்கு ஒன்று இப்படிக் கெடும்.

பெட்டித் தேனீயில் இத்தகைய இரட்டைக்குரோமோசோம் ஆண்களை வேலைக்காரிகள் புழுவிலேயே தின்றுவிடுவார்கள். பம்பிள்பீ வேலைக்காரிகள் அவற்றை ஊட்டி வளர்த்து ஆளாக்குகிறார்கள். ராணி தனியாளாகத் தொடங்கும் கூட்டில் முதல் எட்டுப் பத்துப் பிள்ளைகளில் பாதி, துரும்பையும் அசைக்காத ஆண்கள் என்றால் அந்தக் கூடு எழாது.

தப்பிக்கும் வழி நேரானது. கூட்டுக்கு ஒரு நிறம் ஒதுக்குங்கள். வெளிவந்து இரண்டு நாளுக்குள் ஆண்களைப் பிரித்து, முதுகின் நடுவே அந்த நிறத்தில் ஒரு பொட்டு வையுங்கள். இறக்கை மூட்டில் வண்ணம் படக் கூடாது. ராணிகளையும் அதே கெடுவுக்குள் எடுத்துவிடுங்கள். கூட்டிலேயே ஒரு வாரம் விட்டால் அங்கேயே தம்பியோடு சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் உங்களை விடாது. பின்பு நீல ராணிக்கு மஞ்சள் ஆண், மஞ்சள் ராணிக்குச் சிவப்பு ஆண் என்று சுற்றுமுறையில் விடுங்கள்.

இங்கே ஒரு பொறி. ஒரே இடத்தில் வாங்கிய இரண்டு கூடுகள் ஒன்றுக்கொன்று உறவாக இருக்கலாம். ‘வேறு பெட்டி’ என்பது ‘வேறு குடும்பம்’ ஆகாது. வாங்கும்போதே வெவ்வேறு வம்சமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, கூட்டில் சண்டைக் காலம் தொடங்கிய பிறகு வரும் ஆண்களில் சில வேலைக்காரிகளின் பிள்ளைகள். அவையும் அதே குடும்ப நிறத்துக்குள்தான் வரும், தனிக்கணக்கு வேண்டாம்.

5. வயதும் தீனியும்

ஆண் கூட்டுப்புழு உறையை விட்டு வெளிவரும்போதே விந்தணு உற்பத்தி முடிந்திருக்கும். ஆனால் அது விந்தகத்திலிருந்து சேமிப்புக் குழாய்களுக்கு இறங்கச் சில நாள் பிடிக்கும். இரண்டு நாள் வயது ஆணைக் கூண்டில் விட்டால் ராணி இருப்பதையே கண்டுகொள்ளாமல் கூரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆணுக்கு 10 முதல் 15 நாள், ராணிக்கு 6 முதல் 8 நாள் என்று வைத்துக்கொண்டால் பழுதில்லை. ராணி இன்னும் வெள்ளிச் சாம்பல் நிற ரோமத்தோடு இருந்தால் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பெட்டியிலும் வெளிவந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் அன்றே கணக்குத் தவறும்.

காத்திருக்கும் நாட்களில் ராணிகளும் ஆண்களும் தனித்தனிப் பெட்டியில். இரண்டுக்கும் நிறையில் பாதி சர்க்கரை, பாதி நீர் கொண்ட கரைசல். ராணிகளுக்கு மகரந்தம் தவறவே கூடாது. உடம்பில் கொழுப்பு ஏறும் நாட்கள் இவைதான். உலர்த்திப் பொடித்த மகரந்தத்தை விட, பறித்ததும் உறையவைத்து மைனஸ் 20 டிகிரியில் காத்ததே நல்லது. சர்க்கரைக் கரைசல் விட்டுப் பிசைந்து உருண்டையாக வையுங்கள்.

மகரந்தம் பெட்டித் தேனீக்களிடமிருந்து வருவதால் அவற்றின் நோயும் கூடவே வரும். காமா கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு இது ஒன்றுதான்.

நோய்ச் சோதனையும் இந்த நாட்களில்தான். தேனீயைச் சிறு குப்பியில் விட்டால் சற்று நேரத்தில் கழியும். ஒரு துளியை 400 மடங்கு நுண்ணோக்கியில் வைத்தால் கிரிதிடியா பாம்பி என்ற குடல் ஒட்டுண்ணி துடித்து நீந்துவது தெரியும். நோசிமா பாம்பி என்ற இன்னொரு நுண் ஒட்டுண்ணி பீடித்த ஆண்களிடம் விந்தணு குறைந்திருக்கும். இளம் ராணிகளின் வயிறு உப்பி, இணைசேரவே இயலாமல் போகும். வயிறு உப்பிய ராணியைக் கொழுத்த ராணி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சந்தேகப்பட்ட கூட்டின் பிள்ளைகள் எவையும் கூண்டுக்குள் வரக் கூடாது.

6. கூண்டு

வெளியில் ஆண்கள் செடி கொடிகளில் வாசனைப் பொட்டு வைத்து, அந்தத் தடத்தையே நாள் முழுக்கச் சுற்றி வரும். அடைப்பில் அந்தத் தடம் தேவையில்லை. பக்கத்துக்கு 50 முதல் 70 சென்டிமீட்டர் உள்ள, காற்றோட்டமான வலைக்கூண்டு போதும். மிகப் பெரிதாகக் கட்டினால் ஒன்றையொன்று தேடி அலையும்.

வெளிச்சம் முக்கியம். வளர்ப்பறை இருட்டாகவோ சிவப்பு விளக்கிலோ இருக்கும். சிவப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. கூண்டு மட்டும் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் இருக்க வேண்டும். நேரடி வெயில் விழுந்து கூண்டு சூடேறக் கூடாது. வெப்பம் 22 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 65 விழுக்காடு.

முதலில் ஆண்களை விடுங்கள். அவை பறந்து அடங்கக் கால் மணி நேரம் கொடுத்து, பிறகு ராணிகளை விடுங்கள். ராணி ஒன்றுக்கு ஆண் இரண்டு. அதற்கு மேல் ஆண்களைக் குவித்தால் சேர்ந்திருக்கும் ஜோடியின் மேலும் ஏறிக் குலைக்கும்.

முயற்சிக்கு இரண்டு மணி நேரம் வரம்பு. சேராத ராணிகளை எடுத்துத் தீனி கொடுத்து மறுநாள் வேறு நிற ஆண்களோடு விடுங்கள். மூன்று நாள் விட்டும் சேராததை ஒதுக்கிவிடலாம். பலர் அத்தகைய ராணியை இரவு முழுக்கக் கூண்டிலேயே விட்டுவைத்து, ‘எப்படியும் சேர்ந்திருக்கும்’ என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். பார்க்காத கலவியை எழுதாதீர்கள்.

7. ஜோடி சேர்ந்த பிறகு

ஆண் முதுகில் ஏறியதெல்லாம் கலவியாகாது. ஏறும், ராணி உதறும், விழும். பத்தில் எட்டு இப்படியே போகலாம். உண்மையில் கூடியிருந்தால் ஆண் பின்னால் சாய்ந்து தொங்கும், ராணி நடந்தாலும் விலகாது. அப்படித் தெரிந்த அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜோடியை மெதுவாக ஒரு குப்பிக்குள் ஏந்தி, மூடி, சலனமில்லாத இடத்தில் வையுங்கள். பிரிந்த நேரத்தையும் குறியுங்கள்.

நேரம் பத்து நிமிடத்திலிருந்து எண்பது நிமிடம்வரை மாறும். நாற்பதை ஒட்டியது சாதாரணம். விந்து முதல் சில நிமிடங்களிலேயே மாறிவிடும். மீதி நேரத்தில் ஆண் செய்வது வேறு வேலை: துணைச் சுரப்பியிலிருந்து பிசின் போன்ற அடைப்பை ராணிக்குள் இறக்குகிறது. அதிலுள்ள லினோலெயிக் அமிலம் ராணியின் மறு கலவி விருப்பத்தையே மட்டுப்படுத்துகிறது. இந்த இனத்து ராணி பொதுவாக ஒருமுறையே சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாம்பஸ் ஹிப்னோரம் ராணி பல ஆண்களோடு சேரும். அந்த இனத்தில் வம்சக் கணக்கு இவ்வளவு எளிதில்லை.

இதிலிருந்து கை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: பத்து நிமிடத்துக்குள் பிரிந்த ராணியைச் சந்தேகப் பட்டியலில் போட்டு மறுநாள் மீண்டும் விடுங்கள். அதற்கு மேல் நீடித்ததை மறுபடி விடத் தேவையில்லை. ஒரு ஆண் பலமுறை சேர வல்லது, ஆனால் போகப் போக விந்து குறையும். ஆண்கள் தாராளமாக இருக்கும்போது ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துவதில் லாபமில்லை.

உறுதி வேண்டுமென்றால் ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிரு ராணிகளைப் பலி கொடுத்து விந்துப்பையை அறுத்துப் பாருங்கள். கலவி முடிந்து ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும். விந்து அங்கே போய்ச் சேர நேரம் வேண்டும். கன்னி ராணியின் பை கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், கருவுற்றதில் பால்போல் வெளுத்திருக்கும்.

8. நிறுத்துப் பார்த்துக் குளிரில் வையுங்கள்

கருவுற்ற ராணிகளுக்கு இன்னும் சில நாள் மகரந்தமும் கரைசலும் கொடுத்த பிறகு தராசில் வையுங்கள். 0.6 கிராமுக்குக் கீழே இருப்பது குளிர் உறக்கத்தைத் தாண்டாது. 0.58 இருக்கிறதே என்று மனம் இளகினால் அந்த இடமும் நேரமும் வீண்; மீண்டும் தீனி போட்டு ஏறுகிறதா என்று பாருங்கள்.

தேறியவற்றைத் தனித்தனிக் குப்பியில், லேசாக ஈரமாக்கிய வெர்மிக்குலைட்டிலோ மணலிலோ விட்டு, ஓரிரு நாள் 15 டிகிரியில் வைத்துப் பின் 4 முதல் 5 டிகிரிக்கு இறக்குங்கள். இரண்டு முதல் நான்கு மாதம். ஈரம் குறைந்தால் வற்றிச் சாகும், மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை பார்த்து, செத்ததை உடனே எடுங்கள்.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் கரியமில வாயு வழி உண்டு. கருவுற்ற ராணியை அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம் அந்த வாயுவில் மயக்கினால் உறக்கத்தைத் தாண்டிச் சூலகம் வளரத் தொடங்கும். இதில் ஒரு கையடக்க வித்தையும் இருக்கிறது: கன்னி ராணியை இப்படி மயக்கினால் அது ஆண் முட்டை மட்டும் இடும். அடுத்த சுற்றுக்கு ஒரு குறிப்பிட்ட வம்சத்து ஆண்கள் தேவைப்பட்டால் இது உதவும்.

9. கூடு தொடங்க வைத்தல்

உள்ளங்கை அளவு பெட்டி, 28 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம், இருட்டு. கரைசலும், பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய மகரந்த உருண்டையும். உருண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன்மேல் மெழுகு தடவத் தொடங்கிவிட்டால் தொடாதீர்கள், உள்ளே முட்டை இருக்கலாம். தயங்கும் ராணிக்கு, புதிதாக வெளிவந்த வேலைக்காரி ஒன்றிரண்டையோ ஒரு கூட்டுப்புழு உறையையோ துணைக்கு வைத்தால் முட்டையிடத் தூண்டும். துணை வேலைக்காரிகளுக்கு நிறப்பொட்டு வைக்க மறந்தால், பின்பு அவற்றையே முதல் பிள்ளைகள் என்று எண்ணிக்கொள்வீர்கள்.

10. தலையீற்றைப் படியுங்கள்

முதலில் வெளிவருபவற்றைக் கணு எண்ணிப் பிரித்து எழுதுங்கள். இதுதான் உங்கள் மதிப்பெண் பட்டியல்.

எல்லாம் வேலைக்காரிகள்: கலவி சரி, வம்சமும் சரி. எல்லாம் ஆண்கள்: விந்து போய்ச் சேரவில்லை. ஆணின் வயதையும் கலவி நேரக் குறிப்பையும் எடுத்துப் பாருங்கள். அநேகமாக இளசு ஆணோ, பாதியில் கலைந்த ஜோடியோ அகப்படும். ஏறக்குறையப் பாதி ஆண், பாதி வேலைக்காரி: சொந்தத்துக்குள் சம்பந்தம். அந்த ராணியோடு நிறுத்திவிடாமல், அதே நிற இணையில் போன எல்லா ராணிகளையும் சந்தேகியுங்கள். அவற்றின் கூடுகளிலிருந்து அடுத்த சுற்றுக்கு ஆண் எடுக்காதீர்கள். இரட்டைக்குரோமோசோம் ஆண் பார்வைக்கு மற்ற ஆணைப் போலத்தான் இருக்கும், கூண்டில் விட்டால் ராணியோடு சேரவும் செய்யும்.